ஃபெடரல் (அமெரிக்க மத்திய அரசு) விசாரணையில் சிக்கிய வழக்கறிஞர் ஊரறியப் பேசினால் என்ன ஆகும்? அவெனாட்டி வழக்கின் பின்னணி

2019 மார்ச் 25, நண்பகல் தாண்டியதும் மைக்கேல் அவெனாட்டி ட்விட்டரில் ஓர் அறிவிப்பு போட்டார். பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்தில் நைக்கி நிறுவனம் செய்த ஊழலை மறுநாள் காலை 11 மணிக்குப் பத்திரிகையாளர்கள் முன் வெளியிடப்போவதாகச் சொன்னார். சில நிமிடங்களில் நியூயார்க்கில் அவர் கைதானார். நைக்கியை மிரட்டிப் பல மில்லியன் டாலர் பறிக்க முயன்றார் என்பது குற்றச்சாட்டு. அதே நாளில் லாஸ் ஏஞ்சலஸிலும் தனி வழக்கு: கட்சிக்காரரின் பணத்தைக் கையாடினார், போலி வரிப் படிவங்களைக் காட்டி வங்கிக் கடன் வாங்கினார். 3 லட்சம் டாலர் பிணையில் அன்றிரவு வெளியே வந்தவர் நேராக மைக்குகளின் முன் போய் நின்றார்.

டிரம்ப்போடு தனக்கு உறவு இருந்ததாகச் சொன்ன நடிகை ஸ்டார்மி டேனியல்ஸுக்காக டிரம்ப்புக்கு எதிராக வாதாடியவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். அவர் ஒரு காபிக்கடைச் சங்கிலியின் முதலாளியாகவும் இருந்தவர். வழக்கறிஞர், முதலாளி என்ற இந்த இரண்டு வேடங்களும் சேர்ந்ததால்தான் அவர் வெளியில் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விலை கூடியது. விசாரணை நடக்கும்போது பொதுவெளியில் விடும் சொல் ஒருவழிப் பாதை. அரசுத் தரப்பு அதை எடுத்து உங்கள் மேல் எறியலாம், உங்களால் அதை எடுத்து உங்களைக் காத்துக்கொள்ள முடியாது. இது ஏன் அப்படி என்பதற்குச் சாட்சியச் சட்டத்தில் தெளிவான காரணம் இருக்கிறது. அதற்கு முன், விசாரணை எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்க வேண்டும்.

காபிக்கடையும் கட்சிக்காரர் கணக்கும்

சியாட்டிலைச் சேர்ந்த டல்லிஸ் காபியை அவெனாட்டியின் குளோபல் பரிஸ்டாஸ் நிறுவனம் 2013-ல் திவால் ஏலத்தில் 91.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. 2018 தொடக்கத்துக்குள் கடைகள் மூடப்பட்டுவிட்டன. வினை வந்தது காபி விற்பனையிலிருந்து அல்ல, சம்பளப் பட்டியலிலிருந்து.

அமெரிக்காவில் முதலாளி சம்பளம் கொடுக்கும்போதே ஊழியரின் வருமான வரியையும், சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியத் திட்டத்துக்கு 6.2 சதவீதத்தையும், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதத்தையும் பிடித்தம் செய்து, தன் பங்கையும் சேர்த்து வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்குக் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 941-ஆம் படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும். ஊழியரிடம் பிடித்த பங்கு ஒரு நாளும் முதலாளியின் பணம் ஆகாது. அரசுக்காக அவர் கையில் வைத்திருக்கும் பணம் அது. ஆனால் கடை நொடிக்கும்போது வாடகை, பால், சர்க்கரைக்கு முதலில் கை போவது இந்தப் பணத்தில்தான். டல்லிஸ் விஷயத்தில் கட்டாமல் விட்ட தொகை ஏறக்குறைய 32 லட்சம் டாலர் என்றும், அதில் 24 லட்சம் ஊழியர் சம்பளத்தில் பிடித்தது என்றும் குற்றப்பத்திரிகை சொன்னது.

இந்தப் பாக்கி சாதாரணமாக வசூல் விவகாரமாகத்தான் தொடங்கும். ஐஆர்எஸ்ஸின் வசூல் அதிகாரி வருவார், யார் காசோலையில் கையெழுத்திட்டார், எந்தக் கடனை முதலில் அடைப்பது என்று யார் முடிவெடுத்தார் என்று 4180-ஆம் படிவத்தை வைத்துக் கேட்பார். பொறுப்பானவர் யாரென்று தெரிந்துவிட்டால் கம்பெனிச் சுவரைத் தாண்டி ஊழியரிடம் பிடித்த பங்கு முழுவதையும் அவர் சொந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கலாம். இந்தக் கட்டம் வரை சிவில் விவகாரம். வேண்டுமென்றே ஏமாற்றியதற்கான அடையாளம் தென்பட்டால் அதிகாரி வசூலை நிறுத்திவிட்டுக் கோப்பைக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்கு அனுப்புவார். அதை முதலாளியிடம் சொல்ல மாட்டார். வாராவாரம் அழைத்துக்கொண்டிருந்த அதிகாரி திடீரென்று மௌனமானால், அனுபவமுள்ள வரி வழக்கறிஞர்கள் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதில்லை.

பணம் இல்லாமல் வரி பாக்கி வைப்பதும், வசூலைத் தடுப்பதும் வேறு வேறு. வங்கிக் கணக்கை ஐஆர்எஸ் முடக்கிய பிறகு கடைகளின் ரொக்கத்தை வேறொரு நிறுவனத்தின் கணக்கில் போடச் செய்தார், கார்டு வழியாக வரும் பணம் போய்ச் சேரும் கணக்கை மாற்றினார், வசூல் அதிகாரியிடம் பொய் சொன்னார் என்பவை அவெனாட்டி மேல் இருந்த குற்றச்சாட்டுகள். கடைசியில் அவர் ஒப்புக்கொண்ட குற்றங்களில் ஒன்று ஐஆர்எஸ்ஸுக்கு இடையூறு செய்தது.

இன்னொரு பக்கம் வழக்கறிஞர் அலுவலகம். கலிஃபோர்னியாவில் சமரசத் தொகை வந்தால் அது, கட்சிக்காரர் பணத்துக்கென்று வழக்கறிஞர் தனியே வைக்கும் அறக்கணக்கில்தான் விழ வேண்டும். ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் தனிப் பேரேடு, மாதந்தோறும் வங்கி அறிக்கையோடு ஒத்துப் பார்த்தல், ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் பதிவேடு என்று விதிகள் இருக்கின்றன. இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஒரு கட்சிக்காரருக்கு லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி 2015 ஜனவரியில் 40 லட்சம் டாலர் கொடுத்தது. பணம் வந்ததையே அவருக்கு அவெனாட்டி சொல்லாமல், நான்கு ஆண்டு காலம் ஒரு தடவைக்கு 1,900 டாலருக்கு மேல் போகாத சிறு தொகைகளையும் தங்குமிட வாடகையையும் 'முன்பணம்' என்ற பெயரில் கொடுத்து வந்தார் என்றது குற்றப்பத்திரிகை. இதைப் படித்து மனம் கொதிக்காதவர் இருக்க முடியாது.

ஏப்ரல் 11-ன் ட்வீட்டுகள்

2019 ஏப்ரல் 11 அன்று 36 குற்றங்கள் அடங்கிய குற்றப்பத்திரிகை வெளியானது. அதில் 19 வரி தொடர்பானவை, மீதி கட்சிக்காரர் பண மோசடி, வங்கி மோசடி, அடையாளத் திருட்டு, திவால் நீதிமன்றத்தில் பொய். அன்றே அவெனாட்டி பதில் எழுதினார். இருபது ஆண்டுகளாக எளியவர்களுக்காக வலியவர்களை எதிர்த்தேன், அதனால் எதிரிகள் பெருகினார்கள், நான் நிரபராதி என்றே கருதப்பட வேண்டும் என்றார். இது வரை பெரிய கேடில்லை. அடுத்துச் செய்ததுதான் கேடு: கட்சிக்காரர்களின் பணம் தவறாகக் கையாளப்பட்டது என்பது வெறும் உளறல் என்று எழுதி, மேலே சொன்ன அதே கட்சிக்காரர் கையெழுத்திட்ட நற்சான்றுக் கடிதத்தின் ஒரு பகுதியையும் படமாகப் போட்டார்.

இங்கேதான் சாட்சியச் சட்டம் வருகிறது. நீதிமன்றத்துக்கு வெளியே சொன்ன பேச்சை உண்மை என்று நிறுவக் கொண்டுவந்தால் அது செவிவழிச் சாட்சியம், ஜூரி முன் வைக்க முடியாது. ஆனால் எதிர்த் தரப்பினரின் சொந்தப் பேச்சு செவிவழிச் சாட்சியம் ஆகாது என்கிறது ஃபெடரல் சாட்சிய விதி 801. ஆக, குற்றம் சாட்டப்பட்டவரின் ட்வீட்டை அரசுத் தரப்பு தாராளமாகத் திரையில் போட்டுக் காட்டலாம். அதே ட்வீட்டை அவர் 'பாருங்கள், அன்றே மறுத்தேன்' என்று காட்ட முற்பட்டால் ஆட்சேபம் எழும், நீதிபதி ஒதுக்கிவிடுவார். தன் தரப்பைச் சொல்ல வேண்டுமென்றால் சாட்சிக்கூண்டில் ஏற வேண்டும், குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். நற்சான்றுக் கடிதத்துக்கும் இதே கதிதான். அதில் எழுதியிருப்பது உண்மையா என்பதை அந்தக் கட்சிக்காரர்தான் சாட்சியாக வந்து சொல்ல வேண்டும். 2021 விசாரணையில் அவர் வந்தார், அரசுத் தரப்பின் சாட்சியாக.

நைக்கி வழக்கில் பொதுப்பேச்சு இன்னும் ஒரு படி மேலே போனது. நைக்கியின் வழக்கறிஞர்களிடம் மார்ச் 20 அன்று தொலைபேசியில் பேசியபோது, உங்கள் கம்பெனியின் சந்தை மதிப்பிலிருந்து ஆயிரம் கோடி டாலரைக் கழித்துவிடுவேன் என்றார். அழைப்பு பதிவாகிக்கொண்டிருந்தது. பத்திரிகையாளர் சந்திப்பு என்ற அவருடைய வழக்கமான ஆயுதமே அங்கே மிரட்டலின் கருவி என்று குற்றப்பத்திரிகையில் ஏறியது. அவர் கடன் சுமையில் இருந்ததை நோக்கத்துக்கான சாட்சியமாக ஜூரி முன் வைக்கவும் நீதிபதி அனுமதித்தார். தொழில் நொடித்த கதை வழக்கறிஞர் மேலான வழக்கில் வந்து சேர்ந்த இடம் அது. 2020 பிப்ரவரி 14 அன்று ஜூரி அவரைக் குற்றவாளி என்றது.

மூன்று வேறு அறைகள்

சாதாரண ஆள் ஒருவர் பேசினால் கேட்பது அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒருவர்தான். வழக்கறிஞர்-முதலாளி பேசினால் வழக்கறிஞர் மன்றம், திவால் நீதிமன்றம், சிவில் கடன்காரர்கள் என்று எல்லாரும் ஒரே வாக்கியத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2020 ஜனவரி 14 அன்று லாஸ் ஏஞ்சலஸில் மாநில வழக்கறிஞர் மன்றத்தின் ஒழுங்கு நடவடிக்கை விசாரணையில் உட்கார்ந்திருந்தபோதுதான், பிணை நிபந்தனையை மீறியதாக அவெனாட்டி மறுபடி கைதானார்.

வாய் திறக்காமல் இருக்கும் உரிமையும் எல்லா அறையிலும் ஒன்றல்ல. குற்ற வழக்கில் ஒருவர் சாட்சி சொல்ல மறுத்ததைக் குற்றத்தின் அடையாளமாக ஜூரியிடம் சுட்டக் கூடாது என்று 1965-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் வழக்கில் நிலைமை வேறு: மௌனத்திலிருந்து பாதகமான முடிவுக்கு வரலாம் என்று 1976-ல் வந்த தீர்ப்பு இடம் கொடுக்கிறது. கம்பெனிக்கோ, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்று அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் தரும் பாதுகாப்பே கிடையாது. கம்பெனிப் பதிவேடுகளைப் பாதுகாப்பவர் அவை தன்னையே சிக்கவைக்கும் என்றாலும் கொடுத்தாக வேண்டும் என்பது 1988-ன் பிராஸ்வெல் தீர்ப்பு. மூன்று பங்குதாரர் கொண்ட சிறு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் இந்த விதி பொருந்தும் என்று 1974-லேயே பெல்லிஸ் தீர்ப்பு சொல்லியிருந்தது. ஆகவே 'நான் எதையும் தர மாட்டேன்' என்று வெளியில் முழங்கும் முதலாளி, சட்டப்படி தன்னால் காப்பாற்ற முடியாத வாக்கைத் தருகிறார்.

வழக்கறிஞர்–கட்சிக்காரர் ரகசியக் காப்பும் பலர் நினைப்பது போல் இரும்புக் கதவல்ல. 2018 ஏப்ரல் 9 அன்று டிரம்ப்பின் வழக்கறிஞர் மைக்கேல் கோஹனின் அலுவலகத்திலும் தங்குமிடத்திலும் எஃப்பிஐ சோதனை நடத்தியபோது, ஆவணங்களைச் சலிக்க ஓய்வுபெற்ற நீதிபதி பார்பரா ஜோன்ஸை நீதிமன்றம் நியமித்தது. அவ்வளவு ஆவணங்களில் ரகசியக் காப்புக்கு உரியவை என்று தேறியது சிறு பங்குதான். கோஹனும் வழக்கறிஞர்-முதலாளிதான், டாக்சி உரிமங்கள் வைத்திருந்தார். அவர் விஷயத்தில் பொதுப்பேச்சே இரண்டு முறை அவரைக் கட்டிப்போட்டது. 2018 பிப்ரவரியில், டிரம்ப்புடனான உறவைப் பற்றிப் பேசாமலிருக்க டேனியல்ஸுக்குக் கொடுத்த 1,30,000 டாலர் என் சொந்தப் பணம், டிரம்ப் நிறுவனத்துக்கும் பிரசாரக் குழுவுக்கும் தொடர்பில்லை என்று அறிக்கை விட்டார். ஆகஸ்டில் தேர்தல் நிதிக் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அந்த அறிக்கை பொய்யாகிப் போனது. டிரம்ப் நிறுவனத்தின் மாஸ்கோ கட்டடத் திட்டம் பற்றி நாடாளுமன்றக் குழுக்களிடம் சொன்ன பொய்யை அவர் பொதுவெளியிலும் பரப்பியதால் மற்ற சாட்சிகளும் அதைக் கேட்க நேர்ந்தது என்று ரஷ்யத் தலையீட்டை விசாரித்த சிறப்பு விசாரணை அதிகாரியின் தரப்பு தண்டனைக் குறிப்பில் எழுதியது.

மறுப்பு அறிக்கையே குற்றமாக எழுதப்பட்ட நிகழ்வும் உண்டு. இம்குளோன் என்ற மருந்து நிறுவனத்தின் பங்குகள் 3,928-ஐ 2001 டிசம்பர் 27 அன்று விற்ற தொலைக்காட்சிப் பிரபலமும் தொழிலதிபருமான மார்த்தா ஸ்டூவர்ட், விலை 60 டாலருக்குக் கீழே போனால் விற்பது என்று தரகரோடு முன்பே பேசிவைத்திருந்ததாகப் பகிரங்கமாகச் சொன்னார். இது தன் கம்பெனிப் பங்கின் விலையைத் தாங்கிப்பிடிக்கச் சொன்ன பொய் என்று தனிக் குற்றச்சாட்டு வைத்தார்கள். 2004 பிப்ரவரியில் நீதிபதி அதை மட்டும் தள்ளுபடி செய்தார். விசாரணையாளர்களிடம் பொய் சொன்னது, தடுத்தது ஆகியவற்றுக்கு ஐந்து மாதச் சிறை நிலைத்தது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனியின் முதலாளிக்கு இது நேரடி எச்சரிக்கை.

அப்படியானால் என்ன சொல்லலாம்?

ஒன்றும் சொல்லாமல் இருக்க முடியாத நிலைமைகள் உண்மையிலேயே உண்டு. வங்கி கடனை நிறுத்தும், ஊழியர்கள் பயப்படுவார்கள், கட்சிக்காரர்கள் கோப்பைத் திருப்பிக் கேட்பார்கள். அப்போது இரண்டு வாக்கியம் போதும்: 'விசாரணை நடப்பதை அறிவோம். எங்கள் வழக்கறிஞர் மூலம் பதிலளிக்கிறோம், அலுவலகம் வழக்கம்போல் இயங்கும்.' இதை முதலாளி தன் கணக்கிலிருந்து போடாமல் அவருடைய வழக்கறிஞர் வெளியிட வேண்டும். தன் வழக்கைத் தானே நடத்துவது வழக்கறிஞர்களுக்கு வரும் பெரிய சபலம். அதற்கு இடம் கொடுக்காமல் சொந்தமாக ஒருவரையும், கம்பெனிக்குத் தனியாக ஒருவரையும் அமர்த்த வேண்டும். இருவருக்கும் ஒரே ஆள் என்றால், கம்பெனி அரசோடு சமரசம் பேசும் நாளில் அவர் இரண்டு பக்கமும் நிற்க முடியாது.

வழக்கமாகத் தவறிப்போகும் வாக்கியங்கள் சில. 'முழுமையாக ஒத்துழைக்கிறோம்' என்று சொல்லிவிட்டு மறுவாரம் சப்பீனாவை (ஆவணம் அல்லது சாட்சியம் கேட்கும் ஆணையை) எதிர்த்து மனுப்போட்டால் பத்திரிகைகள் பொய்யர் என்று எழுதும். 'விசாரணையின் இலக்கு நான் அல்ல' என்பது இன்னும் மோசம். இலக்கு என்றால் குற்றம் சாட்டப்படும் அளவுக்குக் கணிசமான ஆதாரம் உள்ளவர், விசாரணை வரம்புக்குள் வருபவர் வேறு வகை என்று, அரசு வழக்குகளை நடத்தும் அமெரிக்க நீதித் துறை அமைச்சகத்தின் கையேடு பிரிக்கிறது. ஆனால் இன்று இரண்டாவது வகையில் இருப்பவர் நாளை முதல் வகைக்கு மாறலாம், யாரும் தகவல் அனுப்ப வேண்டியதில்லை. 'சம்பளக் கணக்கை வெளி நிறுவனம்தான் பார்த்தது' என்றால் அந்த நிறுவனத்தின் கணக்கர் அன்றே அரசுத் தரப்பு சாட்சியாகிவிடுவார். 'வழக்கறிஞர் சொன்னபடிதான் செய்தேன்' என்பதை நீதிமன்றத்தில் வாதமாக வைத்தால் அந்த ஆலோசனையின் ரகசியக் காப்பு போய்விடும். அந்த ஆலோசனையை வெளியில் அவிழ்த்துவிட்டால் வாதம் வைப்பதற்கு முன்பே போய்விடலாம்.

அதிகாரிகள் காலை 6 மணிக்குக் கதவைத் தட்டினால் பெயர் அட்டையை வாங்கிக்கொண்டு 'என் வழக்கறிஞர் பேசுவார்' என்பதோடு நிறுத்த வேண்டும். ஆணவமாகவோ பணிவாகவோ சொல்லும் ஒரு 'இல்லை' கூடப் பொய்யானால் ஃபெடரல் குற்றம் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; ஐந்தாண்டு வரை சிறை. அதே நாளில் மின்னஞ்சல், வாட்ஸ்அப், சிக்னல் ஆகியவற்றில் தானாக அழியும் வசதியை நிறுத்த வேண்டும், யாரும் புதுப் போனுக்கு மாறக் கூடாது. விசாரணையைத் தடுக்க ஆவணத்தை அழித்தால் 20 ஆண்டு வரை தண்டனை. மூலக் குற்றத்தைவிட இது பெரிதாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஊழியர்களிடம் 'பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம்' என்று சொல்லலாம். 'பேசாதீர்கள்' என்று முதலாளி சொன்னால் அது சாட்சியைக் கலைப்பதாகக் கொள்ளப்படலாம்.

விளம்பர ஆலோசகர்களை வைத்துக்கொள்பவர்கள், அவர்களை வழக்கறிஞர் வழியாக, வழக்கு உத்திக்காக அமர்த்த வேண்டும். அப்போதுகூட எல்லா நீதிமன்றங்களும் ரகசியக் காப்பு தருவதில்லை. ஸ்டூவர்ட் தன் வழக்கறிஞருக்கு எழுதிய மின்னஞ்சலை மகளுக்கு அனுப்பியதும் அது பெரிய சர்ச்சையானது. கட்சிக்காரர் என்ற முறையில் இருந்த காப்பு போயிற்று, வழக்குத் தயாரிப்பு ஆவணம் என்ற காப்பு மட்டும் மிஞ்சியது.

வழக்கறிஞருக்குப் பேச்சுரிமை அறவே இல்லை என்பதல்ல. நெவாடாவில் தன் கட்சிக்காரர் மேல் குற்றம் சுமத்தப்பட்டதும் பத்திரிகையாளர்களைச் சந்தித்த டொமினிக் ஜென்டைலின் வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர் மேலான ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்தது. ஆனால் விசாரணைக்குப் பெரும் பாதகம் நேரக்கூடிய பேச்சை மாநிலங்கள் தடுக்கலாம் என்ற அளவுகோலை அதே தீர்ப்பு ஏற்றது. கும்பல் தலைவர் ஜான் காட்டியின் வழக்கறிஞர் புரூஸ் கட்லர் ஊடகங்களிடம் பேசக் கூடாது என்ற உத்தரவை மீறியதற்காக நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளானார்.

அவெனாட்டிக்குக் கிடைத்த ஒரு பெரிய வெற்றி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயனுள்ளது. 2021 ஆகஸ்டில் கலிஃபோர்னியா விசாரணை செல்லாது என்று நீதிபதி ஜேம்ஸ் செல்னா அறிவித்தார். காரணம், அவெனாட்டி அலுவலகத்தின் டேப்ஸ் என்ற கணக்கு மென்பொருளில் இருந்த தரவை அரசுத் தரப்பு அவருக்குக் கொடுக்காமல் விட்டது. கணக்கேட்டைக் கேட்டு நீதிமன்றத்தில் போராடியது செய்ததை, ஆயிரக்கணக்கான ட்வீட்டுகளால் செய்ய முடியவில்லை. 2022 ஜூனில் அவர் நான்கு மோசடிக் குற்றங்களையும் ஐஆர்எஸ்ஸைத் தடுத்த குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். டிசம்பரில் 14 ஆண்டு தண்டனை விழுந்தது. 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுபடி கணக்கிடச் சொன்னது. 2025-ல் தண்டனை குறைந்தது.

இத்தனை பேச்சுக்கும் நடுவே, உண்மையில் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறாரோ அவர்களுக்குப் போக வேண்டியது ட்வீட் அல்ல, கடிதம். அறக்கணக்கில் பணம் உள்ள ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் அவர் பேரில் எவ்வளவு இருக்கிறது, எப்போது வரும், கோப்பை வேறு வழக்கறிஞரிடம் மாற்ற என்ன வழி என்று எழுத வேண்டும். கலிஃபோர்னியாவில் இப்போது, பணம் வந்த 14 நாளுக்குள் கட்சிக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அறக்கணக்குகளை ஆண்டுதோறும் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதும் 2023 முதல் நடைமுறை. சமரசம் ஆகிவிட்டதா என்று எதிர்த் தரப்பையோ நீதிமன்றப் பதிவையோ கட்சிக்காரரே கேட்டுப் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் கேட்க வேண்டும். ஏனென்றால் வழக்கறிஞர் எடுத்துக்கொண்ட பணத்துக்கு மாநில வழக்கறிஞர் மன்றத்தின் இழப்பீட்டு நிதி தருவது அதிகபட்சம் 1 லட்சம் டாலர்தான். சக்கர நாற்காலியில் இருந்த அந்த மனிதருக்கு வந்திருந்த தொகை 40 லட்சம்.